எண்ணுவதற்குக் கம்பி இல்லாத சிறை

சிறைக்குப் போனவரைக் ‘கம்பி எண்ணுகிறார்’ என்று சொல்வது நம் வழக்கு. டெக்சஸ் மாநிலத்தில் நான் புதன்கிழமைதோறும் மாலையில் போய்வரும் கவுண்டி சிறையில் எண்ணுவதற்குக் கம்பியே கிடையாது. கனத்த இரும்புக் கதவும் அதில் ஒரு சாண் அகலம்கூட இல்லாத கண்ணாடிக் கீற்றும்தான் உண்டு. ஆனாலும் எண்ணிக்கைக்குக் குறைவில்லை. ஆட்களை எண்ணுகிறார்கள், சாப்பாட்டுத் தட்டுகளை எண்ணுகிறார்கள், என் வகுப்புக்கான பென்சில்களை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிறார்கள். உள்ளே இருப்பவர்கள் நாட்களை எண்ணுகிறார்கள்.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள் எழுதும் ஜி.இ.டி. தேர்வுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கும் தன்னார்வலராக இரண்டு ஆண்டுகளாக அங்கே போகிறேன். “கொலைகாரர்களுக்கா பாடம் எடுக்கிறாய்?” என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. தமிழில் நாம் ‘சிறை’ என்ற ஒரே சொல்லால் குறிப்பதை அமெரிக்கர்கள் ஜெயில் என்றும் பிரிசன் என்றும் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட தண்டனை பெற்றவர்கள் பெரும்பாலும் மாநில அரசோ மத்திய அரசோ நடத்தும் பிரிசனுக்குப் போகிறார்கள். கைதானவுடன் கொண்டுவரப்படும் இடம் ஜெயில். அதை நடத்துவது பெரும்பாலும் கவுண்டி, அதாவது நம் மாவட்டத்துக்கு ஏறக்குறைய இணையான நிர்வாகப் பிரிவு. விசாரணைக் கைதிகளும் சில மாதத் தண்டனை பெற்றவர்களும் வேறு சிறைக்கு மாற்றப்படக் காத்திருப்பவர்களும் அங்கே ஒன்றாக இருப்பார்கள்.

மத்திய நீதித்துறையின் புள்ளிவிவரப் பிரிவு தரும் கணக்கின்படி 2023ஆம் ஆண்டின் நடுவில் நாடு முழுவதும் உள்ளூர் சிறைகளில் ஏறத்தாழ 6,64,000 பேர் இருந்தார்கள். அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் இந்தச் சிறைகளின் வாசலைத் தாண்டி ஆட்கள் உள்ளே வந்தது 76 லட்சம் முறை. வந்தவர்களில் பலர் ஓரிரு நாட்களில் வெளியேறிவிடுகிறார்கள் என்றாலும் சராசரித் தங்கல் ஒரு மாத அளவில் இருக்கிறது. எந்த நாளில் எடுத்துக்கொண்டாலும் உள்ளே இருப்பவர்களில் பத்தில் ஏழு பேர் அந்த வழக்கில் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்படாதவர்கள். நான் பாடம் எடுக்கும் அறையிலும் கணக்கு அப்படித்தான் வரும்.

இந்தச் சிறையின் தலைவர் ஷெரிஃப். அவர் நியமிக்கப்பட்ட அதிகாரி அல்லர், நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்களிடம் வாக்குக் கேட்டு வருபவர். (கென்டக்கியில் சிறையை நடத்துவதற்கென்றே தனியாக ‘ஜெயிலர்’ ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.) ஆனால் பணப்பெட்டியின் சாவி ஷெரிஃபிடம் இல்லை. டெக்சஸில் கவுண்டியின் வரவுசெலவை முடிவு செய்வது கமிஷனர்ஸ் கோர்ட் என்ற அமைப்பு. பெயரில் கோர்ட் என்று இருந்தாலும் அது நிர்வாகக் குழுதான். வீட்டுக்காரர்கள் கட்டும் சொத்துவரியிலிருந்துதான் காவலர் சம்பளமும் கைதிகளின் சோறும் மருந்தும் வர வேண்டும். சாலைக்கும் நூலகத்துக்கும் கேட்கப்படும் அதே பணத்தில் சிறைக்கும் பங்கு கேட்பது எந்த ஊரிலும் வாக்கு வாங்கித் தரும் காரியம் அல்ல. அதனால்தானோ என்னவோ, 254 கவுண்டிகள் உள்ள டெக்சஸில் குறைந்தபட்ச நடைமுறையை வகுத்துக் கண்காணிக்கச் சிறைத் தர ஆணையம் ஒன்று 1975இல் ஏற்படுத்தப்பட்டது. 48 கைதிகளுக்குக் குறைந்தது ஒரு காவலர், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு கைதியையும் நேரில் பார்த்தல், தற்கொலை அபாயமுள்ளவராகத் தெரிந்தால் அரை மணிக்கு ஒருமுறை, வாரத்தில் மூன்று நாள் ஒரு மணி நேர உடற்பயிற்சி என்று அது விதிகளை எழுதி வைத்திருக்கிறது. எல்லா மாநிலத்திலும் இப்படி ஓர் ஆணையம் இருப்பதாக எண்ணிவிட வேண்டாம்.

உள்ளே வருபவருக்கு முதலில் நடப்பது பதிவு. கைரேகை, புகைப்படம், உடல் சோதனை, உடைமைகளைப் பட்டியலிட்டுப் பையில் போட்டு மூடுதல், கையில் பட்டை, சிறை உடை. உடலைப் பற்றியும் மனத்தைப் பற்றியும் ஒரு படிவம் நிரப்புகிறார்கள். என்ன மருந்து சாப்பிடுகிறாய், போதைப் பழக்கம் உண்டா, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றது உண்டா என்ற கேள்விகளைக் குடிபோதையிலோ அழுகையிலோ இருக்கும் ஒருவரிடம், பின்னால் நான்கு பேர் வரிசையில் நிற்க, ஒரு டெபுடி, அதாவது ஷெரிஃபின் கீழ் வேலை செய்யும் காவலர், கேட்கிறார். உண்மையான பதிலைப் பெறுவதற்கு இதைவிட மோசமான இடத்தை என்னால் யோசிக்க முடியவில்லை. ஆனாலும் அந்த ஒரு தாளில்தான் பல உயிர்கள் தொங்குகின்றன.

2015 ஜூலையில் வாலர் கவுண்டி சிறையில் நடந்ததை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. சாலையில் தடம் மாறும்போது சிக்னல் போடவில்லை என்று நிறுத்தப்பட்டு, வாக்குவாதம் முற்றிக் கைதான சாண்ட்ரா பிளாண்ட் என்ற 28 வயதுப் பெண், மூன்றாம் நாள் தன் அறையில் இறந்துகிடந்தார். தற்கொலை என்பது உடற்கூறு ஆய்வின் முடிவு. முன்பு ஒருமுறை அப்படி முயன்றதாக அவருடைய சேர்க்கைப் படிவத்தில் பதிவாகியிருந்தும் தனிக் கண்காணிப்பு இல்லை. நேரில் பார்க்கும் விதி மீறப்பட்டதை ஆணையமே சுட்டிக்காட்டியது. அவருடைய ஜாமீன் தொகை 5,000 டாலர். வெளியே வருவதற்குக் கையில் வேண்டியிருந்தது ஏறத்தாழ 500 டாலர். அவர் பெயராலேயே 2017இல் இயற்றப்பட்ட டெக்சஸ் சட்டம், சிறை மரணங்களை வெளி அமைப்பு ஒன்று விசாரிக்க வேண்டும் என்கிறது. காவலர் சுற்றி வந்ததை மின்னணுக் கருவி மூலம் உறுதிசெய்யவும் வழிவகுத்தது. அதற்கு முன்பு கையால் எழுதிய ஏட்டைத்தான் நம்ப வேண்டியிருந்தது. நாடெங்கும் உள்ளூர் சிறைகளில் நேரும் மரணங்களுக்கு நீண்டகாலமாகத் தற்கொலைதான் முதன்மையான தனிக் காரணமாக இருந்துவருகிறது. தண்டனை பெறுவதற்கு முன்பே, வேலையும் வீடும் பிள்ளையும் என்ன ஆகுமோ என்று தெரியாத அந்த முதல் சில நாட்கள்தான் மிகவும் ஆபத்தானவை.

கைதானவரை 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். நிறுத்துவது என்றால் பல இடங்களில் சிறைக்குள் இருக்கும் ஒரு திரையின் முன் நிறுத்துவதுதான். குற்றச்சாட்டு படிக்கப்படுகிறது, வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதி இல்லையென்றால் அரசே ஒருவரைத் தரும் என்று சொல்லப்படுகிறது, ஜாமீன் தொகை அறிவிக்கப்படுகிறது. எல்லாம் ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும். முழுத் தொகையையும் நீதிமன்றத்தில் கட்டினால் வழக்கு முடிந்ததும் அது திரும்பி வரும். கட்ட முடியாதவர் தனியார் ஜாமீன் முகவரிடம் போகிறார். முகவர் வழக்கமாகப் பத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு முழுத் தொகைக்கும் பொறுப்பேற்கிறார். அந்தப் பத்தில் ஒரு பங்கு, நீங்கள் நிரபராதி என்றே தீர்ப்பு வந்தாலும், போனது போனதுதான். ஜாமீனை இப்படி ஒரு வணிகமாக நடத்துவது அமெரிக்காவுக்கு வெளியே பிலிப்பைன்ஸில் மட்டும்தான் உண்டு. அமெரிக்காவுக்குள்ளும் கென்டக்கி, இல்லினாய், ஆரிகன், விஸ்கான்சின் ஆகிய மாநிலங்கள் அதை அனுமதிப்பதில்லை. இல்லினாய் ஒரு படி மேலே போய் 2023 செப்டம்பரில் பண ஜாமீனையே ஒழித்துவிட்டது. டெக்சஸில் ஹூஸ்டனை உள்ளடக்கிய ஹாரிஸ் கவுண்டி, சிறு குற்றங்களுக்குப் பணம் இல்லாதவர்களை மட்டும் உள்ளே வைத்திருப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று 2017இல் மத்திய நீதிமன்றத்தில் தோற்று, 2019இல் சமரச உடன்பாட்டுக்கு வந்தது.

என் வகுப்பில் இருந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். கூரை வேயும் வேலை செய்பவர், நாற்பதை நெருங்குகிறவர். அவருக்கான ஜாமீன் 2,000 டாலர், முகவருக்கு வேண்டியது 200. அக்கா கொடுத்துவிடுவாள் என்றார். ஆனால் அக்காவின் எண் அவருடைய கைப்பேசியில் இருந்தது. மின்னூட்டம் தீர்ந்துபோன கைப்பேசி உடைமைப் பையில் இருந்தது. சேர்ந்த நான்கு மணி நேரத்துக்குள் இரண்டு தொலைபேசி அழைப்புகளுக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்ற விதி அவருக்கும் உண்டுதான். எந்த எண்ணை அழுத்துவது? கடைசி நான்கு எண்கள் மட்டும் நினைவிருந்தன. அன்று இரவு வீட்டுக்கு வந்து நான் செய்த முதல் வேலை, என் மனைவியின் எண்ணை மனப்பாடம் செய்தது. (இன்னொன்றையும் நம்மவர்கள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. வெளிநாட்டுக் குடிமகன் கைதானால், தன் நாட்டுத் துணைத்தூதரகத்துக்குத் தகவல் தரும்படி கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. இந்தியரைப் பொறுத்தவரை நாம் கேட்டால்தான் தெரிவிப்பார்கள்.)

வகுப்பறைக்குப் போவதற்கு இரண்டு கதவுகளைக் கடக்க வேண்டும். முதல் கதவு பூட்டிய பிறகுதான் இரண்டாவது திறக்கும். நடுவில் நிற்கும் அந்த அரை நிமிடம் எனக்கு இன்றும் பழகவில்லை. சில வாரங்களில் நடைபாதையில் தடித்த பச்சை நிறப் போர்வை போன்ற, கிழிக்கவோ முறுக்கவோ முடியாத ஒற்றை அங்கி மட்டும் அணிந்த ஒருவரை நடத்திச் செல்வார்கள். தற்கொலைக் கண்காணிப்பில் இருப்பவர். வழக்கை எதிர்கொள்ளும் மனநிலையில் இல்லை என்று நீதிமன்றமே சொல்லிவிட்டவர்கள்கூட, மாநில மனநல மருத்துவமனையில் படுக்கை கிடைக்கும் வரை இங்கேதான் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். சிகாகோவின் குக் கவுண்டி சிறைக்கு 2015இல் ஓர் உளவியலாளரையே பொறுப்பாளராக நியமித்தார்கள். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி சிறையை நாட்டின் மிகப் பெரிய மனநல விடுதிகளில் ஒன்று என்று அதன் அதிகாரிகளே சொல்லிவந்திருக்கிறார்கள். மனநல மருத்துவமனைகள் மூடப்பட்டபோது, கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை இல்லாத ஒரே கட்டடமாகச் சிறை மிஞ்சியது என்று எங்கள் சிறையின் செவிலியர் ஒருவர் சொன்னது மிகையல்ல.

மருத்துவத்தில் ஒரு விசித்திரம் உண்டு. அமெரிக்காவில் சிகிச்சை பெறுவதை அரசியலமைப்பு உரிமையாகக் கேட்கக்கூடியவர்கள் என்று பார்த்தால், அரசின் காவலில் இருப்பவர்கள்தான் முதலில் நிற்பார்கள். அந்த உரிமையை நிலைநாட்டிய வழக்கு கிளம்பியதும் டெக்சஸிலிருந்துதான். மாநிலச் சிறையில் வேலை செய்யும்போது பருத்தி மூட்டை மேலே விழுந்து முதுகில் அடிபட்ட கைதி ஒருவர் தொடுத்த வழக்கில், கைதியின் கடும் மருத்துவத் தேவையை அறிந்தே புறக்கணிப்பது கொடுமையான தண்டனை ஆகும் என்று உச்ச நீதிமன்றம் 1976இல் சொன்னது. ஆனால் அதற்கான செலவை யார் ஏற்பது? ஏழைகளுக்கான மெடிகெய்ட் காப்பீடு 1965இல் தொடங்கப்பட்ட நாளிலிருந்தே சிறைவாசலோடு நின்றுவிடுகிறது. வெளி மருத்துவமனையில் 24 மணி நேரத்துக்கு மேல் உள்நோயாளியாக இருப்பது முக்கியமான விலக்கு. மற்றதெல்லாம் பெரும்பாலும் கவுண்டியின் தலையில். குற்றம் நிரூபிக்கப்படாதவருக்கும் இதே நிலைதான் என்பதை நான் நியாயமாகக் கருதவில்லை. பல கவுண்டிகள் மருத்துவரைப் பார்ப்பதற்குக் கைதியின் கணக்கிலிருந்து சில டாலர்களைக் கழிக்கின்றன. கணக்கில் பணம் இல்லையென்றாலும் சிகிச்சையை மறுக்கக் கூடாது. ஆனால் கழிக்கப்படும் அந்தச் சில டாலர்களுக்கு நான்கு பொட்டலம் நூடுல்ஸ் வாங்கலாமே என்று பல்வலியைப் பொறுத்துக்கொள்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நூடுல்ஸ் என்றதும் சிறைக்கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கமிஸரி என்று பெயர். மூன்று வேளைச் சாப்பாடு உண்டு, ஆனால் மாலை உணவு சீக்கிரம் முடிந்துவிடுவதால் இரவில் பசிக்கும். வெளியிலிருந்து உறவினர்கள் கணக்கில் போடும் பணத்தில் நூடுல்ஸ், காப்பித்தூள், உள்ளாடை, அஞ்சல் உறை வாங்கிக்கொள்ளலாம். ரொக்கம் இல்லாத இடத்தில் நூடுல்ஸ் பொட்டலமே நாணயம். முடி வெட்டிவிட இவ்வளவு, கடிதம் எழுதித்தர இவ்வளவு. இந்தக் கடையின் லாபத்தைக் கைதிகளின் நலனுக்கே செலவிட வேண்டும் என்பது டெக்சஸ் சட்டம், எனவே என் மாணவர்களின் கணிதப் பயிற்சி ஏடுகள் அந்த நிதியில்தான் வாங்கப்படுகின்றன. அதாவது, தங்கள் பாடப்புத்தகத்துக்குத் தாங்களே இரவுப் பசியின் வழியாகப் பணம் கட்டியிருக்கிறார்கள்.

வேண்டுவது எதுவானாலும் தாளில் எழுதித்தான் கேட்க வேண்டும். அந்த விண்ணப்பத் தாளுக்குக் கைதிகள் வைத்த பெயர் ‘கைட்’, அதாவது பட்டம். இப்போது பல இடங்களில் அது டேப்லெட்டுக்கு மாறிவிட்டாலும் பெயர் மாறவில்லை. பல் மருத்துவருக்கு ஒரு பட்டம், சட்ட நூலகத்துக்கு ஒரு பட்டம், வழக்கறிஞர் ஏன் வரவில்லை என்று கேட்டு ஒரு பட்டம். விட்டபின் அது எந்தக் கூரையில் சிக்கியது என்று விட்டவருக்குத் தெரியாது.

தொலைபேசிக் கட்டணம் நீண்டகாலப் புண். தனியார் நிறுவனம் அழைப்பு வசதியைத் தரும். வசூலில் ஒரு பங்கு பல இடங்களில் கவுண்டிக்கு வந்திருக்கிறது. அதைக் கொடுப்பது வெளியே இருக்கும் தாயோ மனைவியோதான். 2023இல் கையெழுத்தான சட்டத்தின்படி மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம் 2024இல் கட்டணத்துக்குக் கடுமையான உச்சவரம்பு விதித்து, 2025இல் தானே அதைத் தள்ளிப்போட்டுத் தளர்த்தியும்விட்டது. சான் பிரான்சிஸ்கோ 2020இலேயே தன் கவுண்டி சிறையிலிருந்து அழைப்பதை முற்றிலும் இலவசமாக்கியது. அங்கே முடிந்தது மற்ற ஊர்களில் ஏன் முடியாது என்பதற்குப் பணத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தென்படவில்லை.

கூரை வேலைக்காரரிடம் திரும்பி வருகிறேன். அன்று பின்னங்கள் நடத்திக்கொண்டிருந்தேன். சிறையில் தருவது மூன்று அங்குல நீளமுள்ள குட்டைப் பென்சில், பின்னால் அழிப்பான் இருக்காது. அவர் என் கணக்கைப் போடாமல் தாளின் ஓரத்தில் வேறு ஏதோ போட்டுக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். 27ஐ இரண்டால் பெருக்கி 54 என்று எழுதி, பக்கத்தில் 50 என்று எழுதி, இரண்டுக்கும் நடுவில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அவர் உள்ளே வந்து 27 நாள் ஆகியிருந்தது. எங்கள் கவுண்டியில் நன்னடத்தைக்காக ஒரு நாளை இரண்டு நாளாகக் கணக்கிடும் சலுகை உண்டு. தருவதும் தராததும் ஷெரிஃபின் விருப்பம். குற்றத்தை ஒப்புக்கொண்டால் 50 நாள் தண்டனை போதும் என்று அரசுத் தரப்பு சொல்லியிருக்கிறது. ஒப்புக்கொண்டால் 54 நாள் ஏற்கெனவே கழித்ததாகக் கணக்காகும், அன்று மாலையே வீட்டுக்குப் போகலாம். மறுத்தால் வழக்கு நடக்கும்; அடுத்த வாய்தா ஐந்து வாரம் தள்ளி. அவர் மேல் சுமத்தப்பட்ட வகைக் குற்றத்துக்கு 30 நாளில் அரசுத் தரப்பு தயாராகவில்லை என்றால், தனி உறுதிமொழியிலோ அவர் கட்டக்கூடிய அளவுக்குத் தொகையைக் குறைத்தோ ஜாமீனில் விட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ‘நாங்கள் தயார்’ என்று அரசு வழக்கறிஞர் ஒரு வரி சொல்லிவிட்டால் அந்தக் கதவும் மூடிக்கொள்ளும்.

“நான் எடுக்கவில்லை, சார். ஆனால் இந்தக் கணக்கு சரிதானே?” என்றார்.

கணக்கு சரி. அதற்கு மேல் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. வழக்கைப் பற்றிக் கைதியிடம் பேசக் கூடாது என்பது தன்னார்வலர் பயிற்சியில் முதல் நாளே கையெழுத்து வாங்கிக்கொள்ளும் விதி. சரிதான் என்று மட்டும் சொன்னேன். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டால் வாடகை வீட்டுக்கு நாளை விண்ணப்பித்தாலும் அந்தப் பதிவு பின்தொடரும் என்பதை அவருக்கு ஒதுக்கப்பட்ட வழக்கறிஞர் சொல்லியிருப்பார் என்று நம்ப விரும்புகிறேன். அந்த வழக்கறிஞரின் மேசையிலும் எத்தனை கோப்புகள் இருக்குமோ.

அடுத்த புதன்கிழமை அவர் நாற்காலி காலியாக இருந்தது. பயிற்சி ஏட்டில் மூன்றின் கீழ் எட்டு வரை போட்டிருந்தார். டெபுடியிடம் விசாரித்தேன். “போய்விட்டார்” என்றார், வீட்டுக்கா, வேறு இடத்துக்கா என்று அவரும் சொல்லவில்லை, நானும் மேலே கேட்கவில்லை. கவுண்டியின் இணையப் பட்டியலில் பெயரைத் தட்டினால் எல்லாம் தெரிந்துவிடும், அது பொது ஆவணம். நான் அதைத் திறப்பதில்லை. என்னோடு பின்னம் போட்டவரின் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டால், அடுத்த வாரம் புதிதாக வருபவரையும் அப்படியே பார்க்கத் தொடங்கிவிடுவேனோ என்ற பயம்தான். அன்று எனக்குப் பதினொரு பென்சில்கள் எண்ணிக் கொடுத்தார்கள். வகுப்பு முடிந்ததும் பதினொன்றையும் எண்ணித் திருப்பிக் கொடுத்தேன்.